வலிக்கு ஒரு நாள் கூலியா?

மூன்று மாதங்களைத் தாண்டியும் விடாத வலியை 'நாள்பட்ட வலி' என்கிறது மருத்துவம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, முதுகில் பாரம் ஏற ஏறக் கொழுந்து பறிக்கும் பெண்களின் இடுப்பும் முழங்காலும் தோளுமே சாட்சி. அந்த வலியோடு பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, ஊட்டிக்கோ குன்னூருக்கோ போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒருமுறை போகலாம், மாதாமாதம் முடியுமா? முடியாதபோது மருந்துக்கடை வலி மாத்திரையே வைத்தியமாகிறது. அளவில்லாமல் விழுங்கும் அந்த மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

நாள்பட்ட வலிக்கு ஒரே நாளில் தீர்வு கிடையாது. உடற்பயிற்சியைச் சரிபார்ப்பது, மருந்தைக் கூட்டிக் குறைப்பது, தூக்கத்தையும் மனச்சோர்வையும் விசாரிப்பது எனத் தொடர்ந்து கவனித்தால்தான் குணம் தெரியும். தொலைமருத்துவம் பொருந்துவது இங்கேதான். நாள்பட்ட முழங்கால் வலிக்கு வீடியோ வழியே பிசியோதெரபி ஆலோசனை தருவது, நேரில் தருவதற்குக் குறைந்ததல்ல என்று 2024-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. வீடியோவில் இன்னொரு நன்மையும் உண்டு: தொழிலாளி கூடையை எப்படித் தூக்குகிறார், எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை அவர் வீட்டு வாசலிலேயே மருத்துவர் பார்த்துவிடலாம்.

தொட்டுப் பார்க்காமல் வைத்தியமா என்று கேட்பது நியாயம்தான். முதல் பரிசோதனை நேரில்தான் நடக்க வேண்டும். கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலோடு வலி வருவது போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி மார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொலைபேசி வழியே எழுதித் தரவும் முடியாது. சிக்னல் கிடைக்காது, முதியவர்களுக்குச் செல்போன் பழக்கமில்லை என்பதும் உண்மை. ஆனால் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி நிபுணரும் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான 'இ-சஞ்சீவனி' வழியே மருத்துவர் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து, சிக்னல் கிடைக்கும் தோட்ட மருந்தகத்தில் வாரம் ஒருநாள் வலிக்கென ஒதுக்கினால் போதும்.

தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். அந்தக் கடமையில் இனி ஒரு திரையும் இணைய இணைப்பும் சேரட்டும். ஆலோசனைக்குச் செலவாகும் நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காமலும் இருக்கட்டும்.