கண்காட்சிக்குப் போறீங்களா? உங்க பேட்ஜை ஸ்கேன் செய்யும்போது என்ன நடக்கிறது?

சனிக்கிழமை காலை பத்தரை மணி. நந்தம்பாக்கத்தில் உள்ள சென்னை வர்த்தக மையத்தில் ஒரு தொழில் கண்காட்சி. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்குறீங்க. நுழைவாயிலில் நிற்கும் தம்பி, "கியூஆர் காட்டுங்க சார்" என்கிறார். பதிவு செய்தது ஞாபகம் இருக்கு. ஆனால் அந்த கியூஆர் வாட்ஸ்அப்பில் வந்ததா, மெயிலில் வந்ததா? தேடினால் நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வரிசை நீள்கிறது.

எப்படியோ உள்ளே போயிட்டீங்க. அங்கே ஒவ்வொரு ஸ்டாலிலும், "ஒரு நிமிஷம் சார், ஸ்கேன் பண்ணிக்கிறோம்" என்று கழுத்தில் தொங்கும் பேட்ஜை போனால் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே காட்டுறீங்க. அடுத்த வாரம் முழுக்க, அறிமுகம் இல்லாத எண்களிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது.

ஒரே நாளில் நடந்த இந்த இரண்டுக்கும் காரணம் அந்தச் சின்ன கறுப்பு வெள்ளைக் கட்டம்தான். இன்றைய கண்காட்சிகளிலும் மாநாடுகளிலும் நுழைவுச்சீட்டு, விசிட்டிங் கார்டு, வருகைப் பதிவேடு எல்லாமே அதற்குள் வந்துவிட்டன. அது எப்படி வேலை செய்கிறது, நாம் எதைக் கொடுக்கிறோம், பதிலுக்கு எதை வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று பார்ப்போம், வாங்க.

கட்டத்துக்குள் என்ன இருக்கு?

கியூஆர் கோடு 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் உருவானது. கார் உதிரிபாகங்களை வேகமாக அடையாளம் காண்பதுதான் அதன் முதல் வேலை. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள், படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்கின்றன. அதனால் போனைத் தலைகீழாகக் காட்டினாலும் ஸ்கேன் ஆகும். அதிகபட்சப் பிழை திருத்த அளவில் அச்சிட்டால், சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்க முடியும். பேட்ஜ் கொஞ்சம் கசங்கினாலும் வேலை செய்வது இதனால்தான்.

கண்காட்சி கியூஆர் இரண்டு வகையாக இருக்கும். முதல் வகையில் ஒரு பதிவு எண் மட்டும் இருக்கும். உங்க பெயர், போன் நம்பர், நிறுவனம் எல்லாம் ஏற்பாட்டாளரின் சர்வரில் இருக்கும். இரண்டாவது வகையில் அந்த விவரங்கள் எல்லாமே கட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. வேறொரு போனின் கேமராவில் ஸ்கேன் செய்து பாருங்க. வெறும் எண்ணும் எழுத்தும் வந்தால் முதல் வகை. உங்க பெயரும் போன் நம்பரும் அப்படியே திரையில் வந்தால் இரண்டாவது வகை. அப்படியென்றால் அந்த பேட்ஜைப் போட்டோ எடுக்கும் யாருக்கும் உங்க நம்பர் கிடைத்துவிடும். கழுத்தில் பேட்ஜோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கு. அடுத்த முறை பேட்ஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எடுங்க.

வாசலில் நடப்பது

வாசலில் ஸ்கேன் செய்தவுடன் கருவி உங்க பதிவு எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. சரியாக இருந்தால் அந்த எண் 'நுழைந்துவிட்டார்' என்று குறிக்கப்படும். பல இடங்களில் அதே நொடியில் பேட்ஜும் அச்சாகி வந்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. பாஸை நண்பர்கள் குரூப்பில் அனுப்பி, அவர்களில் ஒருவர் முதலில் உள்ளே போய்விட்டால், உண்மையில் பதிவு செய்த நீங்க வாசலில் நிற்க வேண்டியதுதான். கருவிக்கு ஆள் தெரியாது, எண்தான் தெரியும்.

இந்த எண்ணிக்கை பாதுகாப்புக்கும் உதவும். ஒரு அரங்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உடனுக்குடன் தெரிந்தால், நெரிசல் வரும் முன்பே நுழைவை நிறுத்தி வைக்கலாம்.

சரி, நெட்வொர்க் ஏன் கிடைக்கவில்லை? ஒரே டவரை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பெரிய அரங்கின் இரும்புக் கூரையும் சிக்னலைக் குறைக்கும். அதனால் வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைத்துக்கோங்க. வாசலில் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுங்க. அவ்வளவுதான்.

ஸ்டாலில் நடப்பது

முன்பெல்லாம் ஸ்டால் மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். வருபவர்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். கண்காட்சி முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து அவற்றை எல்லாம் எக்செல்லில் ஏற்றுவார். பாதி கார்டு தொலைந்திருக்கும். மீதியில், யார் எதைக் கேட்டார் என்பது மறந்திருக்கும்.

இன்று ஸ்டால்காரர் உங்க பேட்ஜை ஸ்கேன் செய்தவுடன், பதிவின்போது நீங்க கொடுத்த விவரங்கள் அவருடைய பட்டியலில் சேர்ந்துவிடும். பக்கத்தில் '200 பாக்கெட் விலை கேட்டார்' என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ளலாம்.

இது யாருக்கு லாபம்? ஒரு உதாரணம் பார்ப்போம். தர்மபுரியில் சிறுதானிய முறுக்கும் லட்டும் செய்யும் ஒரு சுயஉதவிக் குழு. மூன்று நாள் கண்காட்சிக்கு சென்னை வருகிறார்கள். ஸ்டால் வாடகை, லாரி வாடகை, தங்கும் செலவு, மூன்று நாள் வேலை இழப்பு என்று பணம் கரைகிறது. மேசையில் விற்கும் பாக்கெட்டில் இந்தச் செலவு திரும்பி வருவது கஷ்டம். மாதாமாதம் சரக்கு எடுக்கும் இரண்டு கடைக்காரர்கள் கிடைத்தால்தான் வரும். அந்த இரண்டு பேரும் ஸ்டாலுக்கு வந்து, பேசி, போயும் இருக்கலாம். நம்பரைக் குறித்து வைக்காததால் அவர்களைத் தவறவிட்டால், மூன்று நாள் உழைப்பும் வீண்தானே?

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. உங்க குழுவோ சிறு நிறுவனமோ ஸ்டால் போடுகிறது என்றால் இவை போதும்:

- வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலை விலையோடு ஏற்றி, அதற்கான கியூஆரைப் பெரிதாக அச்சிட்டு ஸ்டாலில் ஒட்டுங்க. வருபவர் ஸ்கேன் செய்து ஒரு 'வணக்கம்' அனுப்பினால், அவர் நம்பர் உங்களிடம், உங்க பட்டியல் அவரிடம்.
- ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் அவர் கேட்ட பொருள், அளவு, ஊர் மூன்றையும் அன்றே எழுதுங்க. இதற்கு 40 பக்க நோட்டே போதும்.
- ஊர் திரும்பிய இரண்டு மூன்று நாளுக்குள் பேசுங்க. அதற்குப் பிறகு நீங்க யார் என்பதே அவருக்கு மறந்துவிடும்.
- 'சும்மா பார்க்க வந்தேன்' என்றவரை எல்லாம் விளம்பரக் குரூப்பில் சேர்க்காதீங்க. அவர் பிளாக் செய்வார், நல்ல பெயரும் போகும்.

கண்காட்சியில் பங்கேற்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஸ்டால் வாடகையில் உதவி தரும் அரசுத் திட்டங்கள் இருக்கு. விண்ணப்பிக்கும் முன் உங்க மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. உத்யம் பதிவுச் சான்றைக் கையோடு எடுத்துப் போங்க.

திரை வழியாகவே நடத்திவிடலாமே?

அதையும் உலகம் முயற்சி செய்து பார்த்துவிட்டது. 2020 பிப்ரவரியில், பார்சிலோனாவில் நடக்க இருந்த மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் கண்காட்சி கொரோனா காரணமாக ரத்தானது. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் நடக்கும் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி 2021-இல் முழுக்க ஆன்லைனில் நடந்தது. நம்ம நந்தம்பாக்கம் வர்த்தக மையமே அப்போது கொரோனா சிகிச்சை மையமாக மாறியிருந்தது.

ஆனால் நிலைமை சரியானதும் இரண்டு கண்காட்சிகளும் அரங்குக்கே திரும்பின. துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டும், முறுக்கைக் கடித்துப் பார்க்க வேண்டும். திரையில் இதெல்லாம் நடக்காது. உரைகள், பயிற்சிகள், முதல் கட்டப் பேச்சுவார்த்தை ஆகியவற்றுக்கு ஆன்லைன் நன்றாகவே உதவுகிறது. அதனால்தான் இன்று பல மாநாடுகள் நேரிலும் நடக்கின்றன, நேரலையிலும் ஓடுகின்றன.

மொழித் தடையும் குறைந்து வருகிறது. 2023 டிசம்பரில் வாரணாசியில் நடந்த காசி தமிழ்ச் சங்கமத்தில், பிரதமர் இந்தியில் பேசியதை மத்திய அரசின் 'பாஷினி' செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்பு மூலம் தமிழில் இயர்போனில் கேட்கும் வசதி செய்யப்பட்டது. இப்படிப்பட்ட வசதி பரவினால், ஆங்கிலம் தெரியாது என்று தொழில் மாநாட்டுக்குப் போகாமல் இருப்பவர்களும் தைரியமாகப் போகலாம்.

முகம்தான் அடுத்த பாஸா?

சில பெரிய மாநாடுகளில் கியூஆருக்குப் பதிலாக முகத்தையே ஸ்கேன் செய்கிறார்கள். வரிசை வேகமாக நகரும், உண்மைதான். ஆனால் போன் நம்பரை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியுமா?

2021 மொபைல் வேர்ல்டு காங்கிரஸில் முக அடையாளத் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது. அதனால் வரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே முறையாக மதிப்பிடவில்லை என்று கூறி, ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் ஏற்பாட்டாளருக்கு 2 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. உலகின் மிகப்பெரிய தொழில்நுட்பக் கண்காட்சிகளில் ஒன்றுக்கே இந்த நிலை.

நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் மூன்று விஷயங்கள்:

- சம்மதம் கேட்கும்போது எந்த விவரம், எதற்காக என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.
- அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளுக்கும் இது பொருந்தும்.
- கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

போகும் முன் ஐந்து நிமிஷம்

1. பதிவுப் படிவத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடலாம். பார்வையாளராகப் போக பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் எதற்கு?

2. 'கூட்டாளர் நிறுவனங்களுக்கு விவரம் பகிரச் சம்மதம்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்க. வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்க.

3. கண்காட்சியின் சொந்த இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்க. நுழைவுக் கட்டணத்தைத் தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்துங்க.

4. ஸ்டாலில் பணம் கட்டும்போது திரையில் வரும் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்க. அசல் கியூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுவது நடக்கிறது. ஸ்டால்காரர்களும் தினமும் காலையில் தங்கள் கியூஆரைச் சரிபார்க்கணும். 'பரிசு விழுந்திருக்கு, பின் நம்பர் போடுங்க' என்றால் போடாதீங்க. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை.

5. ஸ்கேன் செய்ய வருபவரிடம், "எதுக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. பிடித்த ஸ்டாலில் தாராளமாகக் காட்டுங்க. வேண்டாத இடத்தில், "உங்க கார்டு கொடுங்க, நானே கூப்பிடுறேன்" என்று சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பிறகும் விளம்பர அழைப்புகள் தொல்லை கொடுத்தால் 1909 எண்ணில் 'தொந்தரவு வேண்டாம்' என்று பதிவு செய்யலாம். நீங்களே சம்மதம் கொடுத்த நிறுவனத்தின் அழைப்பை இது நிறுத்தாமல் போகலாம். அவர்களிடம் நேரடியாகச் சம்மதத்தைத் திரும்பப் பெறுங்க. பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றும் சொல்லணும். ஸ்மார்ட்போன் இல்லாத அப்பாவையோ பாட்டியையோ கண்காட்சிக்குக் கூட்டிப் போறீங்கன்னா, அவங்க பெயரையும் முன்கூட்டியே பதிவு செய்து, பாஸை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்துடுங்க. காகிதத்தில் இருந்தாலும் கியூஆர் கியூஆர்தான். வாசலில் யாரும் நிறுத்த மாட்டாங்க.