ஸ்டான்லி நீர்த்தேக்கம்: மீன்பிடிப்போரும் பரிசலில் கடப்போரும் அறிய வேண்டியவை

சேலம் மாவட்டம் மேட்டூரில் காவிரியின் குறுக்கே 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்குப் பின்னே விரிந்து கிடக்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கம், நீர்மட்டம் 120 அடியைத் தொடும்போது 93.47 டி.எம்.சி. நீரைத் தாங்குகிறது. நூறு கோடி கன அடியே ஒரு டி.எம்.சி. எனப்படுகிறது. இந்த எண்கள் டெல்டா பாசனத்தை முன்னிட்டு நாள்தோறும் செய்தித்தாள்களில் வெளியாவதால் தமிழகம் முழுவதும் அறிந்தவை. ஆனால் அதே நீரின் மேல் இரவில் வலை விரித்து விடியலில் எடுப்போர், பண்ணவாடியிலிருந்து நாகமரைக்கும் கோட்டையூரிலிருந்து ஒட்டனூருக்கும் பரிசலிலும் விசைப்படகிலும் கடப்போர் ஆகியோரின் உயிர்ப் பாதுகாப்பு அந்த அளவுக்குப் பொதுக் கவனத்தைப் பெற்றதில்லை. நீரில் நேரும் மரணம் பெரும்பாலும் விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. சட்டமோ அதைப் பெரும்பாலும் ஒருவரின் கடமைத் தவறாகப் பார்க்கிறது. குடும்பத்துக்கு நிவாரணம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும், விபத்துக்கு முன்பே செய்துவைத்திருக்க வேண்டிய சில பதிவுகளைப் பொறுத்தே அமைகின்றன.

ஆற்றுக்கும் இயற்கை ஏரிக்கும் இல்லாத ஓர் அபாயம் நீர்த்தேக்கத்துக்கு உண்டு. அதன் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் குறுவைச் சாகுபடிக்காக நீர் திறக்கப்பட்ட பின், மேலிருந்து வரத்து இல்லாத ஆண்டுகளில் நீர்மட்டம் தொடர்ந்து இறங்கி, முந்தைய மாதம் ஆழமாக இருந்த உட்குடாக்கள் சேறும் முள்ளும் நிறைந்த திடல்களாகின்றன. மட்டம் மிகவும் தாழும் காலத்தில் பண்ணவாடிப் பகுதியில், அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதையும், அவற்றைக் காண மக்கள் திரள்வதையும் பலர் அறிவர். படகோட்டிக்கு ஆபத்தானது அவை வெளியே தெரியும் நாள் அன்று. நீருக்கு ஓரிரு அடி கீழே மறைந்திருக்கும் நாளே. பழைய கட்டடச் சுவரில் விசைப்படகின் சுழலி மோதி உடைவதும், வலையின் அடிக்கயிறு கல்லில் மாட்டிக்கொண்டு, அதை இழுப்பவர் நிலை தடுமாறி விழுவதும் அப்போதுதான் நேர்கின்றன. மாறாகத் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து உபரிநீர் வரும்போது, ஒகேனக்கல்லைக் கடந்து வரும் வெள்ளம் மரங்களையும் புதர்களையும் அடித்துக்கொண்டு வந்து நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில் சேர்க்கிறது. ஆகவே அன்றைய நீர்மட்டமும் நீர்வரத்தும் தெரியாமல் வலை விரிக்கப் போவதைத் தவிர்க்க வேண்டும். இவ்விரு எண்களும் நாள்தோறும் அறிவிக்கப்படுவதால் அறிந்துகொள்வது கடினமும் அன்று.

பரிசலின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மூங்கிற் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, முன்பு தோலாலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பாலும் போர்த்திய இந்த வட்டக்கலத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்பதில்லை. அடிக்கட்டை என்னும் நடுமரமும் இல்லை. தட்டையான அடி ஆழமற்ற நீரில் பாறை மேலும் நழுவிச் செல்ல உதவுகிறது. அதே அடி, பெருநீரில் காற்று வீசும்போது கலத்தைத் தன் போக்கில் சுழல விடுகிறது. எடை நடுவில் தாழ்ந்திருக்கும்வரை பரிசல் உறுதியானது. இருவர் ஒரே பக்கத்தில் எழுந்து நின்றால், நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அளவே எஞ்சியிருக்கும் விளிம்பு நொடியில் தாழ்ந்து நீர் உள்ளே பாய்கிறது. ஆகவே, நின்றபடி படம் எடுக்கக் கூடாது என்பதும், ஆள் எண்ணிக்கை மீறக் கூடாது என்பதும் வெறும் கண்டிப்புகள் அல்ல. ஆடி மாதக் காற்றில் அகன்ற நீர்ப்பரப்பின் மீது எழும் அலை, கரையோரத்தில் நிற்பவர் ஊகிக்கும் அளவைவிடப் பெரிது.

உயிர்காப்பு உடை என்னும் மிதவைச் சட்டை இருந்தும் போடாமல் வைத்திருப்பதே பழக்கமாகிவிட்டது. நீச்சல் தெரிந்தவருக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் மீனவரிடையே வேரூன்றியுள்ளது. வலையைத் தூக்கும்போது கால் கயிற்றில் சிக்கினாலோ, தலை விளிம்பில் அடிபட்டு நினைவு தப்பினாலோ நீச்சல் பயன்படுவதில்லை. மிதவைச் சட்டை நினைவிழந்தவரையும் மேலே தாங்குகிறது. வலை இழுக்கும்போது கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டணம் கொடுத்து ஏறும் பயணிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பலர் நினைப்பதைவிட வலுவானது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், இயந்திரத்தால் இயங்கும் கலங்களுக்குப் பதிவு, தகுதி ஆய்வு, காப்பீடு ஆகியவற்றை வலியுறுத்துகிறது. இயந்திரமற்ற கலங்களை உள்ளாட்சி அளவில் பதிவு செய்வதற்கும் அதில் இடமுண்டு. பாரதிய நியாய சன்ஹிதையின் 282-ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து விளையும்படி கலத்தை அசட்டையாகச் செலுத்துவதைக் குற்றமாக்குகிறது. 284-ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய கலத்தில் கூலிக்கு ஆள் ஏற்றுவதையே, விபத்து நேர்ந்தாலும் நேராவிட்டாலும், தண்டனைக்குரியதாக்குகிறது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த பிறகே பலருக்கு, படகில் எத்தனை பேர் ஏறலாம், மேல்தளத்தில் எவ்வளவு எடை தாங்கும் என்ற கேள்விகள் எழுந்தன. அக்கேள்விகளைப் படகுத்துறையிலேயே, ஏறுவதற்கு முன் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு.

கட்டணம் செலுத்திய பயணி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆவார். ஆதலால் காயமோ மரணமோ நேர்ந்தால், குற்ற வழக்கு தனியே நடக்க, இழப்பீடு கோரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். எந்த ஆணையம் விசாரிக்க வேண்டும் என்பதையும் எவ்வளவு கட்டணம் என்பதையும் இப்போது நிர்ணயிப்பது கோரும் இழப்பீட்டுத் தொகை அன்று; சேவைக்காகச் செலுத்திய விலையே. அந்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை என்பதால், படகுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய் கொடுத்தவரின் குடும்பம் செலவின்றி வழக்குத் தொடரலாம். பயணச் சீட்டோ, பணம் அனுப்பியதற்கான கைப்பேசிக் குறிப்போ இதற்குச் சான்றாகும். சீட்டே தராத படகில் ஏறுவது, இந்த உரிமையைக் கரையிலேயே விட்டுச் செல்வதாகும்.

மீனவரின் நிலைமை வேறு வகையானது. நீர்த்தேக்கம் அரசின் உடைமை. அதில் மீன் பிடிப்பது உரிமம், கூட்டுறவுச் சங்கம், குத்தகை என நீர்நிலைக்கு நீர்நிலை வேறுபடும் ஏற்பாடுகளின்படி நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் சில நீர்த்தேக்கங்களை 1974-இல் தொடங்கப்பட்ட மீன்வளர்ச்சிக் கழகம் நிர்வகிக்கிறது. காவிரிக்கு இயல்பாக உரியதல்லாத கட்லா உள்ளிட்ட மீன் வகைகளின் குஞ்சுகளை அரசு விடுவதால்தான் பிடிப்பு நிலைக்கிறது என்பது அரசின் வாதம். தலைமுறையாக வலை வீசுவோர் தங்கள் உழைப்பின் விலையைத் தாங்களே நிர்ணயிக்க வேண்டும் என்பது மீனவரின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. எவ்வாறாயினும் உரிமம் இல்லாமல் பிடிப்பவர், வலை பறிமுதலாகும் அபாயத்தோடு, விபத்தில் இறந்தால் மீன்பிடித் தொழிலாளர் என்று மெய்ப்பிக்க ஆவணமில்லாத நிலையிலும் இருக்கிறார். இந்த இரண்டாம் இழப்பே பெரிது.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் 4, 5-ஆம் பிரிவுகள் தடை செய்கின்றன. மூலச் சட்டத்தில் இதற்கு விதிக்கப்பட்ட உச்சத் தண்டனை இரு மாதச் சிறை அல்லது இருநூறு ரூபாய் அபராதம் என்பது, அக்காலத்துக்குப் பொருந்தினும் இன்று குற்றத்தின் கனத்துக்கு ஒவ்வாத சிறுதொகை. வெடி, விற்கத்தக்க மீனோடு ஆயிரக்கணக்கான குஞ்சுகளையும் கொன்று, அடுத்த ஆண்டு அதே குடாவில் வலை விரிப்பவரின் கையை வெறுமையாக்குகிறது. வலையில் சிக்கும் நீர்நாயும் முதலையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றை உயிரோடு விடுவித்து வனத்துறைக்குத் தெரிவிப்பதே மீனவருக்கும் பாதுகாப்பு.

மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும்போது காரணத்தை நிறுவுவது நேரத்தைப் பொறுத்தது. கழிவுநீரிலும் உரத்திலும் உள்ள சத்துகளால் பச்சைப் பாசி பெருகும்போது, அது பகலில் வெயிலின் துணையால் நீரில் உயிர்வளியைச் சேர்த்தாலும் இரவில் அதையே உட்கொள்கிறது. எனவே, நீரில் கரைந்த உயிர்வளி விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்து, மீன்கள் வாயைத் திறந்தபடி நீர்மட்டத்துக்கு வருகின்றன. நண்பகலில் எடுக்கும் மாதிரியில் அந்தக் குறைவு தெரியாமற்போகலாம். ஆதலால் விடியலிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் தகவல் தந்து, மாதிரி எடுத்த நேரத்தைக் குறிக்கச் சொல்லி, தேதியும் நேரமும் பதியும் படங்களை எடுத்து வைக்க வேண்டும். செத்து மிதந்த மீனை விற்கக் கூடாது. அது நோய்க்குக் காரணமாகும், பின்னர் வழக்குக்கும் தடையாகும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை மீறி விளைந்த இழப்புக்கு, 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் ஐந்து ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோரலாம்.

மீனவர் குடும்பத்துக்கான முதன்மையான நிவாரணம், 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீடு. மீனவரிடம் தவணை வாங்காமல் அரசுகளே செலுத்தும் இத்திட்டத்தில், விபத்தில் இறந்தாலோ முழுமையான நிரந்தர ஊனமுற்றாலோ ஐந்து லட்சமும், பகுதியான நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சமும், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரையும் கிடைக்கும். கடலில் போவோருக்கே இது உரியது என்ற தவறான எண்ணத்தால் உள்நாட்டு மீனவர் பலர் பெயரே பதிவதில்லை. வலை பின்னும், மீன் விற்கும் பெண்களும் மீனவர் நல வாரியத்தில் பதியாமல் விடுபடுகின்றனர்.

விபத்து நேர்ந்தவுடன் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையோ மரண விசாரணை அறிக்கையோ பதிவாக வேண்டும். உடற்கூறாய்வைத் தவிர்க்கும்படி உறவினர் துயரத்தில் கெஞ்சுவதால் பின்னர் காப்பீட்டுக் கோரிக்கை நின்றுவிடுகிறது. உடல் கிடைக்காவிட்டால் சிக்கல் பெரிதாகிறது. ஏழு ஆண்டுகள் தகவலற்றவரே இறந்தவராகக் கருதப்படுவார் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. எனினும் அது நிரூபணச் சுமையைப் பற்றியதேயன்றி, படகு கவிழ்ந்ததை நேரில் கண்டவரின் வாக்குமூலத்தால் அதற்கு முன்பே மரணத்தை நிறுவுவதற்குத் தடையன்று. ஆகவே கண்டவர்களின் வாக்குமூலம் உடனே பதிவாக வேண்டும்.

நீரிலிருந்து எடுக்கப்பட்டவரின் வயிற்றை அழுத்துவதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் இன்னும் நடக்கின்றன. அவை நுரையீரலிலிருந்து நீரை வெளியேற்றுவதில்லை. மூச்சுக்குத் தேவையான நிமிடங்களை வீணாக்குகின்றன. மூச்சில்லாதவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பின் மார்பை 30 முறை அழுத்தி இரு மூச்சு ஊதுவதைத் தொடர்ந்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். நீரில் தத்தளிப்பவரிடம் நேரே குதிப்பதைவிடக் கயிறோ காலிக் குடமோ எறிவதே மேல்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோர் மேற்சொன்ன இழப்பீட்டு வழக்குகளில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வாயிலாக இலவச வழக்கறிஞரைப் பெறலாம். அழைக்க வேண்டிய எண் 15100. ஆயினும் பதிவுக்காக அலுவலகம் தேடி நகருக்கு வர, அன்றைய பிடிப்பை இழக்க வேண்டிய நிலையில் இருப்பவரிடம் விண்ணப்பத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. மீன்வளத் துறையும் உள்ளாட்சிகளும் பண்ணவாடி, கோட்டையூர், நாகமரை, ஒட்டனூர்த் துறைகளிலேயே ஜூன் மாதத்துக்கு முன்பு பதிவு முகாம் நடத்தி, அதே நாளில் ஒவ்வொரு கலத்துக்கும் ஏற்றத்தக்க ஆள் எண்ணிக்கையை எழுதி ஒட்டி, மிதவைச் சட்டைகளையும் வழங்க வேண்டும்.