'இளைய நிலா'வும் ஒன்பது விரலும்!

ராயபுரத்தில் கிடார் வைத்திருக்கும் பையனிடம், ''ஒரு பிட் வாசிடா'' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் 'இளைய நிலா'தான் வரும்!

1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. இசை இளையராஜா, வரிகள் வைரமுத்து, குரல் எஸ்.பி.பி. ஆனாலும், கிடார் பழகுகிறவனுக்கு ஹீரோ, வாசித்த சந்திரசேகர்தான்! மறுவருஷமே மெட்டு இந்திக்கும் போய், 'கலாகார்' படத்தில் கிஷோர்குமார் பாடினார்.

என் நண்பன் எண்ணூர் பக்கம் லேத் ஆபரேட்டர். இடது மோதிர விரல் நுனியை மெஷின் வாங்கிக்கொண்டது. ''இனி கிடார் அவ்வளவுதான்'' என்றோம். பயல் கேட்கவில்லை. மிச்ச விரல்களை வைத்து ஆறு மாசம் பழகினான்.

போன வாரம் திருவொற்றியூர் மொட்டைமாடியில் முழுசாக வாசித்தான். ரெண்டே இடத்தில் தப்பு. கைதட்டும்போது என் கண்ணில் தண்ணீர். லாரித் தூசி சார், வேறென்ன!