பையில் அடங்கும் கணினி: வாங்குமுன் சில யோசனைகள்

ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்குக் கடதாசியின் பெறுமதி நன்கு தெரியும். காணி உறுதியோ பிறப்புச் சான்றிதழோ ஒன்று தவறினாலும் அலுவலகப் படிகளில் பல நாட்கள் ஏறி இறங்கவேண்டும். சங்கக் கணக்கையும் உறுப்பினரின் பத்திரப் பிரதிகளையும் ஒரு மடிக்கணினியில் வைத்துக்கொண்டால், செயலாளர் அதைப் பையில் போட்டுக்கொண்டு வயற்கரைக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய்வரலாம்.

ஆனால் இது ஒரு போகத்து மிச்சத்தையே விழுங்கக்கூடிய செலவு. ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு நாம் கூடியிருந்து விடை காண்போம். என்ன வேலைக்கு? எங்கே சார்ஜ் செய்வது? பழுதானால் யார் திருத்துவது? படம் எடுப்பதும் செய்தி அனுப்புவதும் மட்டுமே தேவையென்றால் கைத்தொலைபேசியே போதும்.

மிகச் சிறியது வேண்டாம்

2007ஆம் ஆண்டு அசூஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையுடன், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் 'ஈ பிசி' என்னும் மலிவான கணினியை வெளியிட்டது. 'நெற்புக்' எனப்பட்ட இவ்வகைக் கணினிகள் சில ஆண்டுகள் நன்கு விலைப்பட்டுப் பின்னர் மறைந்தன. விசைகள் நெருக்கமாயிருந்தன, வேகமும் குறைவு. நாள்முழுதும் கணக்குப் பதிய 12 முதல் 14 அங்குலத் திரையும், ஒன்றரைக் கிலோ அளவான எடையும் பொருத்தமானவை.

புதியதா, பாவித்ததா?

மிக மலிவான புதிய கணினிகள் பலவற்றில் 4 ஜிகாபைற் நினைவகமும் 64 ஜிகாபைற் சேமிப்பிடமுமே உண்டு. பெரும்பாலும் அவை பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் பின்னர் கூட்டமுடியாது. விண்டோஸே அந்த இடத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடும்.

அதே பணத்துக்கு, அலுவலகங்கள் பாவித்து விற்ற திங்பாட், லற்றிரியூட், எலைற்புக் போன்றவற்றைத் தேடிப் பார்க்கலாம். அவை உறுதியானவை, உதிரிப்பாகம் கிடைப்பதும் இலகு. 8 ஜிகாபைற் நினைவகமும் 256 ஜிகாபைற் எஸ்.எஸ்.டி.யும் உள்ளதைக் கேளுங்கள். சுழலும் பழைய வன்தட்டு, மோட்டார் சைக்கிள் குலுக்கலில் பழுதாகக்கூடும்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கு, இன்ரெல் கணினியானால், பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். 'ஐ5-8250' என்று இருந்தால் கோட்டுக்குப் பின்வரும் 8 தான் தலைமுறை. 6 அல்லது 7 என்றிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். அதில் லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் இலவசமாகப் போட்டுக் கடிதமும் கணக்கும் எழுதலாம்.

மின்சாரம்

பற்றரியின் அளவு வாற்று-மணியில் குறிக்கப்பட்டிருக்கும். 45 வாற்று-மணிப் பற்றரி, 9 வாற்று எடுக்கும் கணினியை 5 மணித்தியாலம் இயக்கும். பாவித்த பற்றரி பாதியாகத் தேய்ந்திருந்தால் இரண்டரை மணித்தியாலமே கிடைக்கும். யூ.எஸ்.பி.-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கணினியானால், தகுந்த வாகனச் சார்ஜரைக் கொண்டு 12 வோல்ற் சூரியசக்திப் பற்றரியிலிருந்தும் ஏற்றலாம். மின்சாரம் இல்லாத குடியிருப்புகளுக்கு இது பெரிய உதவி.

கடையில் பார்க்கவேண்டியவை

1. சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள்.
2. எல்லா விசைகளையும் அழுத்திப் பாருங்கள்; மூடியைப் பலமுறை திறந்து மூடுங்கள்.
3. பழைய உரிமையாளரின் கடவுச்சொல் பூட்டு இல்லையென்று உறுதிசெய்யுங்கள்.
4. தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும், எழுத்திலான உத்தரவாதமும் பெறுங்கள்.

வாங்கிய பின்

தமிழை யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யப் பழகுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகவே தெரியும். கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் அறிந்திருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை யாவற்றையும் பென்ட்ரைவில் பிரதிசெய்து வேறொரு வீட்டில் வையுங்கள். மூலப் பத்திரங்களை ஒருபோதும் எறிய வேண்டாம்; நீர் புகாத உறையில் பத்திரப்படுத்துங்கள்.

கணினி தொலைந்தால் பணம் சேர்த்து இன்னொன்று வாங்கலாம். அதிலுள்ள உறுப்பினர் பட்டியலும் காணி விபரமும் தொலைந்தால் திரும்பச் சேர்ப்பது கடினம். ஆதலால் இயந்திரத்தைத் தெரிவதில் காட்டும் அதே அக்கறையைப் பிரதி எடுப்பதிலும் காட்டுவோம்.