நடையிற் கண்ட மனம்

ஓய்வு பெருகினால் நூல் கற்கும் ஆர்வமும் பெருகும் என்றே யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்நோக்கியிருந்த என் மாணவன் ஒருவன், எங்கள் நூல் நிலையத்தின் பக்கமே தலைகாட்டாதொழிந்தான். படிக்குங் காலத்தில் வாரந்தோறும் இரவல் பெற்றுச் சென்றவன் அவன். ஒருநாள் சந்தியில் அவனைக் கண்டு, பலர் முன்னிலையிற் சோம்பேறி என்று கடிந்துரைத்தேன். அவன் தலைகுனிந்து நின்றான், மறுமொழி கூறினானல்லன்.

பின்னரே மரியந்தால் ஆய்வைப் பற்றி அறிந்தேன். மரியந்தால், ஆஸ்திரிய நாட்டிலே வியன்னா நகருக்கு அண்மையிலுள்ள ஆலைக் குடியிருப்பு. உலகப் பொருளாதார நெருக்கடியின்போது அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டது. இனி யாது நேருமென அறியாது தவித்த அவ்வூரின் 478 குடும்பங்களை மரீ யகோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்போர் ஆராய்ந்தனர். அவர்தம் நூல் 1933 இல் வெளிவந்தது.

அவ்வூரிலே ஓய்வுக்குக் குறைவில்லை. நூல் நிலையக் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் 1929 க்கும் 1931 க்கும் இடையில், இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறைய அரைவாசியாயிற்று. ஆய்வாளர் மறைவில் நின்று தெருவிற் செல்வோரின் நடை வேகத்தையும் அளந்தனர். ஆடவர் தளர்ந்து நடந்து, இடையிடையே நின்றனர்; வீட்டுவேலை ஒழியாத மகளிரோ அவரினும் விரைந்து சென்றனர்.

உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலனாகும் என்பதன்றோ தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் காட்டும் நெறி? அவ்வியலைப் பல்லாண்டு பாடஞ்சொன்ன யான், என் மாணவனின் தளர்நடையைப் படிக்கத் தவறினேன்.

தொழில் ஊதியத்தை மட்டும் தருவதன்று என்று யகோடா பின்னாளில் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, பிறரோடு உறவு, பொதுநோக்கு, சமூகத்தில் ஓர் இடம், இடையறாத செயல் என்னும் ஐந்தையும் அது தருகின்றது. பள்ளிக்கூடமும் அத்தகையதே என்பது என் துணிபு. கடைசி மணி அடித்ததும் மாணவன் இவ்வைந்தையும் ஒருங்கே இழக்கின்றான். அவனது பெறுபேற்றை முன்னறிந்து கூறுதல் உளநூலுக்கு இயலாது. இடைக்காலத்தில் அவன் இழந்தது யாதென்பதை அது நமக்குக் காட்டும்.

யான் அவன் இல்லஞ் சென்று, கடிந்துரைத்தமைக்கு வருந்தினேன். மாலைதோறும் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பணியை அவனிடம் ஒப்படைத்தேன். ஆசிரியப் பெருமக்களே, காத்திருப்போருக்குப் புத்திமதி பகர்வதினும் ஒரு பொறுப்பை நல்குதல் நன்று.

அவனுக்கு அனுமதி இன்னும் கிடைத்திலது. ஆயினும் சென்ற வாரம், நூலொன்று இரவல் கேட்டு வந்தான். விரைந்து நடந்தே வந்தான்.