ஊதாவுக்கு அப்பால் ஒரு டார்ச்சு விளக்கு

விழுப்புரத்தை அடுத்த காணை வட்டாரத்தில், மும்முனை மின்சாரம் எந்த ஜாமத்தில் வருகிறதோ அந்த ஜாமத்தில் எழுந்து மோட்டார் போடப் போகிற குடியானவர்கள், ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் டார்ச்சு விளக்குமாக வரப்பின்மேல் நடப்பதை அவ்வூர்க்காரர் எவரும் கண்டிருப்பர். அந்த விளக்கை வாங்கும்போது அவர்கள் கடைக்காரரிடம் கேட்கிற கேள்வி, வெளிச்சம் எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதுதான். இக்கேள்விக்கு முற்றிலும் மாறான லட்சணத்தை உடைய விளக்கு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் தோன்றும்; ஆனால் அதே கணத்தில், மண்ணோடு மண்ணாக நிறம் கலந்து வரப்போரத்தில் ஒண்டியிருக்கும் தேள், பச்சையும் நீலமும் கலந்த பிரகாசத்தோடு சுடர்விட்டு நிற்கும்.

இவ்விளக்கு உமிழ்வது புற ஊதாக் கிரணம். 1801ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யேனா நகரில் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர் என்னும் விஞ்ஞானி, முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியை ஏழு வர்ணங்களாகப் பிரித்து, வெள்ளிக் குளோரைடு பூசிய காகிதத்தை அவ்வர்ணங்களில் வைத்துப் பரிசோதித்தபோது, ஊதா நிறம் முடிந்து கண்ணுக்கு ஏதும் புலப்படாத இடத்திலேயே காகிதம் மிக விரைவாகக் கறுக்கக் கண்டார். நம் கண்கள் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களையே அறியும். அதற்குக் கீழே, 315 முதல் 400 வரையுள்ள பகுதியே நம் விளக்குக்கு உரிய எல்லை.

காணவொண்ணாத கிரணத்தால் காட்சி எவ்வாறு பிறக்கிறது? 1852இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதன் சூட்சுமத்தை விளக்கினார். பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றும்போது தரகன் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுபோல, சில பொருள்கள் சக்தி மிகுந்த புற ஊதாக் கிரணத்தை உட்கொண்டு, அதில் ஒரு பகுதியை வெப்பமாகக் கழித்துவிட்டு, எஞ்சியதைச் சக்தி குறைந்த, ஆகவே கண்ணுக்குத் தெரிகிற ஒளியாக வெளிவிடுகின்றன. இதனையே உடனொளிர்வு என்கிறோம். மஞ்சள் தூளைச் சாராயச் சத்தில் கரைத்தால் பசுமஞ்சளாகவும், கீரையின் பச்சையத்தை அதே சத்தில் இறக்கினால் செந்நிறமாகவும் இவ்விளக்கின்கீழ் ஒளிரும். சலவைத்தூளில் துவைத்த வேட்டி நீலவெண்மையாய் ஜொலிக்கும். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன், வைரங்களின் ஒளிர்வை நெடுநாள் ஆராய்ந்தவர். பெங்களூரில் 1948இல் அவர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தின் அருங்காட்சியகத்தில், ஒளிரும் கனிமங்களைக் காட்டுவதற்கென்றே ஓர் இருட்டறை அமைந்திருக்கிறது.

அக்காலத்தில் புற ஊதாக் கிரணத்தைப் பெறப் பாதரச ஆவி விளக்கும் சுவரிலிருந்து வரும் மின்சாரமும் வேண்டியிருந்தன. இன்று எல்.இ.டி. என்னும் சில்லு அந்த வேலையைக் கைக்குள் அடக்கிவிட்டது. அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் நோபல் பரிசைத் தேடித்தந்த நீல எல்.இ.டி.யின் காலியம் நைட்ரைடு வமிசத்தைச் சேர்ந்ததே இச்சில்லும். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 நானோமீட்டர் அளவில் ஒளிர்பவை. அவற்றின் கண்கூசும் ஊதா வெளிச்சத்தில் பொருளின் மெல்லிய ஒளிர்வு, பட்டப்பகலில் ஏற்றிய அகல்போல மங்கிவிடும். ஆகவே விஷயம் அறிந்தவர்கள் 365 அளவுள்ள சில்லை வாங்கி, விளக்கைத் தாமே கட்டிக்கொள்ளுகிறார்கள்.

கட்டுகிற வேலை, பார்வைக்கு எளிது, பக்குவமோ அதிகம். முதலாவது எதிரி வெப்பம். ஒரு சில்லு ஏறத்தாழ 1 ஆம்பியர் மின்னோட்டத்தில் 4 வாட் அளவு மின்சக்தியை உண்டு, அதில் பாதிக்கும் மேலானதை வெப்பமாகவே வெளிவிடும். மூன்று நான்கு சில்லுகளை ஒருங்கே வைத்தால், அவ்வெப்பம் வெளியேற வழியின்றி ஒளி குன்றிச் சில்லும் கெடும். அதனால் சில்லைச் செம்புத் தட்டின்மேல் ஈயம் வைத்துப் பற்றவைத்து, வெப்பம் கடத்தும் பசை தடவி, கடைசல் பிடித்த அலுமினிய உடலோடு இடைவெளியின்றிப் பொருத்துகிறார்கள். இரண்டாவது, மின்சாரத்தின் நிதானம். 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் 18650 என்று பெயர்பெற்ற லித்தியம் பேட்டரி, நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட்டு தந்து, செலவாகச் செலவாக இறங்கிக்கொண்டே வரும். அந்த ஏற்ற இறக்கம் சில்லைத் தாக்காதபடி, மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்த ஒரு சிறிய சுற்றுப் பலகை நடுவே நிற்கிறது. மூன்றாவது, ஒளி செல்லும் பாதை. பிளாஸ்டிக்கு வகைகள் பல இக்கிரணத்தை விழுங்கிவிடுமாதலால், லென்சுக்கு அதனைத் தடையின்றி விடும் கண்ணாடியையும், குவியாடிக்கு அலுமினியப் பூச்சையும் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும், 365 சில்லிலிருந்து வெண்ணிற ஒளி சிறிது கசியவே செய்யும். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வில்லியம்ஸ் உட் 1903இல் கண்டுபிடித்த, நிக்கல் ஆக்ஸைடு கலந்த கருங்கண்ணாடி இதற்குப் பரிகாரம். காணும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை விடுவது அதன் குணம். அக்குலத்தைச் சேர்ந்த இசட்.டபிள்யூ.பி.2 என்ற கண்ணாடி வில்லை இன்று விளக்கின் வாயில் பொருத்தப்படுகிறது. புற ஊதாவிலும் ஒரு பங்கை அது உண்டுவிடுகிறது என்றாலும், நஷ்டத்தைப் பொருட்படுத்தாமல் அதனைப் பொருத்துபவனே இக்கலையின் மர்மத்தை அறிந்தவன். ஏனெனில் இவ்விளக்கின் தரம், அது எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதில் இல்லை, எவ்வளவு வெளிச்சத்தை அடக்கிக்கொள்ளுகிறது என்பதில் இருக்கிறது.

இனி நம் வரப்புக்குத் திரும்புவோம். தேளின் மேலோட்டில் ஒரு மெல்லிய அடுக்கில் பீட்டா-கார்போலின் போன்ற ரசாயனப் பொருள்கள் அமைந்திருப்பதே அதன் ஒளிர்வுக்குக் காரணம். தோல் உரித்த புதிதில் தேள் ஒளிர்வதில்லை. ஓடு இறுக இறுகவே ஒளிர்வு பிறக்கிறது. செத்துச் சாராயச் சத்தில் பல்லாண்டு ஊறிய தேளும் ஒளிரும். நம் நாட்டின் கொடிய செந்தேளுக்கு 1798இல் ஃபேப்ரிசியஸ் சூட்டிய இனப்பெயரே 'தமுலஸ்' என்பது. அதன் செம்பழுப்பு நிறம் சாதாரண டார்ச்சு வெளிச்சத்தில் மண்கட்டியோடு கலந்துவிடும். புற ஊதாவிலோ பல அடி தூரத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலைக்கும் இவ்விளக்குக்கும் ஓர் உறவு உண்டு. ஈரம் உலராத கடலையில் பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகக்கூடும். 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்கு, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்நஞ்சே காரணமெனத் தெளிவாயிற்று. அதன் வகைகளுக்கு பி என்றும் ஜி என்றும் பெயர் வந்ததே, புற ஊதாவில் அவை முறையே நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்வதனால்தான். ஆயினும் அந்த ஒளிர்வு, சாறு பிரித்துத் தகட்டில் இட்டுச் சோதனைக்கூடத்தில் காணவேண்டியது. களத்துக் குவியலின்மேல் விளக்கை அடித்துவிட்டு நஞ்சு இல்லை என்று தீர்மானிப்பது அறியாமை. ஒளிர்வதெல்லாம் நஞ்சுமன்று, ஒளிராததெல்லாம் நலமுமன்று.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. கூசும் ஒளியைக் கண்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். காணாத ஒளிக்கு அது மூடுவதில்லை. இருளில் விரிந்திருக்கும் கண்மணிக்குள் நுழையும் இக்கிரணம் நாளடைவில் விழிவில்லையைக் கெடுக்கும். ஆகவே பாலிகார்பனேட்டுக் கண்ணாடி அணியாமல் இதனைக் கையாளலாகாது. குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கவும் கூடாது. தேள் கொட்டிவிட்டாலோ, விளக்கை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும். இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, மோட்டார் போடப் புறப்படும் முன்பு வாசல்படியிலும் விறகு அடுக்கிலும் செருப்புக்கு உள்ளேயும் ஒருமுறை இவ்விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.