ஆங்கில நாவல்களில் பணம் படைத்தோர்

ஆங்கில இலக்கியத்தில் சுயநலம் மிக்க செல்வர் யார் என்று வினவினால், பலரும் ஸ்க்ரூஜின் பெயரையே சொல்வர். 1843-ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையில் வரும் உலோபி அவர். அவருடைய குமாஸ்தாவுக்கு வாரச் சம்பளம் 15 ஷில்லிங். நிலக்கரிப் பெட்டி முதலாளியின் அறையில் இருப்பதால், அந்த ஏழை மெழுகுவர்த்திச் சுடரில் குளிர்காய முயல்கிறான். ஆயினும் ஸ்க்ரூஜ் உண்பதும் வெறும் கஞ்சியே. அவர் கணப்பிலும் நெருப்பு அற்பமே. பிறருக்கு ஈயாதவர் தமக்கும் ஈந்துகொள்ளவில்லை. அவரால் வருந்தியோர் ஒரு குமாஸ்தாவின் குடும்பமும் சில கடனாளிகளுமே. ஆவிகள் வந்து ஒரே இரவில் அவரைத் திருத்திவிடவும் முடிகிறது. உலகம் மிகுதியாக வெறுக்கும் இவரே, நாம் இங்கே காணப்போகிறவர்களுள் தீங்கு குறைந்தவர் என்பது நம் கருத்து.

1854-இல் வெளிவந்த 'கஷ்ட காலம்' என்ற நாவலில் பௌண்டர்பி என்னும் ஆலை முதலாளியைச் சந்திக்கிறோம். தாயால் கைவிடப்பட்டுச் சாக்கடையிலிருந்து தாமே முன்னேறியதாக அவர் ஓயாமல் பெருமையடிக்கிறார். உண்மையோ வேறு. அன்போடு வளர்த்துப் படிக்கவைத்த தாயை, ஆண்டுக்கு 30 பவுன் கொடுத்து எட்ட நிறுத்தியிருக்கிறார் அந்த மகன். தொழிலாளி குறை சொன்னால், தங்கக் கரண்டியில் ஆமைச் சூப்புக் கேட்கிறான் என்பார். தாம் முன்னேறியது போல் பிறரும் முன்னேறலாமே என்ற வாதத்துக்கு அவருடைய பொய் வரலாறே ஆதாரம்! இத்தகைய வாதம் நமக்கும் புதிதன்று.

மூன்றாமவர் மெர்டில்; 1855 முதல் 1857 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'லிட்டில் டாரிட்' நாவலில் வருபவர். பிஷப்புகளும் நீதிபதிகளும் அவர் வீட்டு விருந்துக்கு வருகின்றனர். அவர் செய்யும் தொழில் யாது என்பது மட்டும் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. தம் வீட்டுத் தலைமைப் பணியாளனைக் கண்டே அஞ்சுகிறார். தம்மைத் தாமே கைது செய்பவர்போல் மணிக்கட்டைப் பற்றிக்கொள்கிறார். முடிவில் தற்கொலை. அவரை நம்பிய எண்ணற்றோரின் சேமிப்பு அழிகிறது. நேர்மையாளனான கிளென்னம் கடன்காரர் சிறைக்குப் போகிறான். டிக்கன்ஸின் தந்தை 1824-இல் கடனுக்காக அடைபட்டிருந்ததும் அதே மார்ஷல்சி சிறைதான். 1856-இல் உயிரை மாய்த்துக்கொண்ட ஜான் சாட்லியர் என்ற வங்கியாளரின் சாயல் மெர்டிலிடம் உண்டு.

ஸ்க்ரூஜ் பூட்டி வைத்தது தம் பணத்தை. மெர்டில் சூதாடியது ஊரார் பணத்தை. பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு நிற்கும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1855-இல் வந்தது. பிறகு கம்பெனிகள் பெருகின. அந்தச் சூழலிலிருந்து 1875-இல் ஆந்தனி டிரோலப் படைத்தவர் மெல்மாட். அமெரிக்காவின் உப்பு ஏரி நகரிலிருந்து மெக்ஸிகோவின் வேராகுருஸ் வரை ரயில்பாதை என்று சொல்லிப் பங்கு விற்கிறார். பாதை போடுவதில் அங்கு எவருக்கும் அக்கறை இல்லை; பங்கின் விலை ஏறினாற் போதும். சீனச் சக்கரவர்த்திக்கு அவர் அளித்த விருந்தன்று, பத்திர மோசடி செய்தார் என்ற வதந்தி பரவிப் பல இருக்கைகள் காலியாகக் கிடந்தன. மறுநாள் நடந்த தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளர்கள் அவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.